இருபத்து மூன்றாம் ரிமோட்

காளீஸ்வரிக்குச் சண்டை போடத் தெரியாது என்று காரைக்குடியில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவன் மாடி ஏறமாட்டேன் என்று ஒருநாள் முறுக்கிக்கொண்டபோது, கழனிவாசல் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஏற்றவைத்தவள். வீட்டில் புருஷன் சதீஷ்குமார் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னால் அதற்கு ஒரு சண்டை. சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால், ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு சண்டை. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பாழாய்ப்போன அந்த ஒன்றில்தான் அவள் சண்டை போட்டிருக்க வேண்டும்.

செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவளுக்கு வேலை. குரூப் ஃபோர் பரீட்சைக்குத் தயார் செய்கிற பயிற்சி மையம் அது. சனிக்கிழமை பாடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு கேள்விக்கு மாதிரித் தேர்வு. இந்தத் தடவை முதலாளி தாளையும் பேனாவையும் ஏறக்கட்டிவிட்டு, ஐம்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு கருவி வாங்கிப் போட்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து பொத்தான். கேள்வி சுவரில் விழுந்ததும் முப்பது வினாடிக்குள் ஒன்றை அமுக்க வேண்டும். நேரம் முடிந்தால், எதை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று சுவரில் ஐந்து தூண்கள் எழும்பும். சரியான விடையின் தூண் பச்சையாக மாறும். விற்க வந்த கம்பெனிக்காரர் அதைக் கிளிக்கர் என்றார். படிக்க வந்தவர்கள் ரிமோட் என்றார்கள். அந்தப் பேர்தான் நிலைத்தது.

இந்த 'இ' பொத்தானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதற்கு அர்த்தம் 'விடை தெரியவில்லை'. நிஜப் பரீட்சைத் தாளிலும் அப்படி ஒரு வட்டம் உண்டு. தெரியாத கேள்வியைச் சும்மா விட்டுவிட்டு வரக்கூடாது, தெரியாது என்பதையும் கறுப்படித்துச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

சுவரில் தூண்கள் மட்டும்தான் தெரியும், பேர் தெரியாது. பேர் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று, கடைசி வரிசைக்குப் பின்னால் காளீஸ்வரியின் மேஜைமேல் இருக்கும் லேப்டாப். அதில் ஒவ்வொரு ரிமோட்டின் நம்பர், அதற்கு நேரே பேர், அவர் அமுக்கின எழுத்து, மொத்த மார்க் எல்லாம் வரிசையாக ஓடும். அதை யாருக்கும் காட்டக்கூடாது, வாயாலும் சொல்லக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அவருக்கு அவர் கவலை. குறைந்த மார்க்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப்பேர் மறுவாரமே நின்றுவிடுவார்கள் என்று அனுபவப்பட்டவர். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் தானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஐம்பது பேரில் ஒருவன் சதீஷ்குமார். பதினோரு வருடம் பிஸ்கட் கம்பெனி வேனில் கடை கடையாக ஏறி இறங்கினவன். வயது வரம்புக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று தெரிந்ததும், "ஒரே ஒரு தடவை ஒழுங்கா உக்காந்து படிச்சுப் பாத்துர்றேன் காளி"என்று வேலையை விட்டுவிட்டான். அவள்தான் சரி என்றாள். பத்தாவது படிக்கிற மகள் ஜனனியோடு மூன்று பேரும் அவள் சம்பளத்தில் ஓட்டினார்கள். ஆனால் மையத்தில் இருவரும் யாரோ எவரோ. ரிமோட்காரம்மாவின் வீட்டுக்காரர் என்று தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? அதனால் அவன் முன்னால் கிளம்பிவிடுவான், இவள் பின்னால் வருவாள். வகுப்புக்குள் அவன் இருக்கிற பக்கம்கூட இவள் திரும்புவதில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அவன் இவளை "மேடம்"என்பான். முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த முதல்நாளில்தான் காளீஸ்வரி பட்டியலைப் பார்த்துப் பேர் வாசித்து ரிமோட் கொடுத்தாள். சதீஷ்குமாருக்கு இருபத்து மூன்று. அடுத்த வாரத்திலிருந்து வாசலில் இருக்கும் தட்டிலிருந்து அவரவர் நம்பரை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டியது. கொடுத்த ரிமோட்டை ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரிமோட்டை எதற்காக ஒருத்தர் மாற்றிக்கொள்ளப் போகிறார்?

முதல் மாதிரித் தேர்வில் இருபத்து மூன்றாம் நம்பர் வாங்கின மார்க் நாற்பத்தொன்று.

அன்றைக்கு மத்தியானம் சோறு பரிமாறியபோது அவள் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எம்புட்டு வரும்ங்க?"

"எழுபத்தி ஏழு"என்றான் அவன், குழம்பைப் பிசைந்துகொண்டே. "பச்சைத் தூண் வர வர நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தேன். மொதத் தடவைக்குப் பரவால்லல்ல?"

காளீஸ்வரிக்குக் கரண்டி கையிலேயே நின்றது. நாற்பத்தொன்றை எழுபத்தேழு என்கிறாரே மனுஷன்! வாய்வரை வந்தது. ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினோரு வருடத்தில் வேனிலிருந்து இறங்கி வந்த எந்த நாளிலும் அவள் அதைப் பார்த்ததில்லை. சரி, முதல் தேர்வு, வீட்டில் கௌரவமாக இருக்கட்டுமே என்று ஒரு பொய் சொல்கிறார், அடுத்த வாரம் தேறிவிடுவார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அப்பளத்தை எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் நாற்பத்து நான்கு. அதற்கடுத்து முப்பத்தெட்டு. வீட்டில் கேட்டால் எண்பது என்பான், எழுபத்தொன்பது என்பான். வகுப்பில் பாடம் நடத்துகிற முத்தரசு சார் கேள்வியை வாசித்து முடிக்குமுன் அவள் கண் இருபத்து மூன்றாம் வரிசைக்கு ஓடிவிடும். அங்கே பாதி நேரம் 'இ' என்று விழும். தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை. இந்த மெஷினிடம் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவருக்கு, தாலி கட்டின பொண்டாட்டியிடம் ஒரு தடவை சொல்ல வாய் வரவில்லையா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எண்பத்து நான்கு என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு வகுப்பிலேயே அதிகபட்ச மார்க் அதுதான், வாங்கினது பதினேழாம் நம்பர். பதினேழுக்கு நேரே இருந்த பேர் பாண்டீஸ்வரி. அமராவதிபுதூரிலிருந்து வருகிற பெண், வாரநாளில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவள், இருபத்துமூன்று இருபத்துநான்கு வயசு இருக்கும். சதீஷ்குமாருக்கு முன் வரிசையில்தான் உட்காருவாள். அந்தப் பிள்ளையின் மார்க் இவருக்கு எப்படித் தெரிந்தது? அவளிடமே கேட்டு வந்து, அதைத் தன் மார்க் என்று வீட்டில் சொல்கிறாரா? அப்படியென்றால் அந்தப் பெண்ணோடு பேச்சுவார்த்தை வேறு இருக்கிறதா? இந்தச் சந்தேகம் வந்த பிறகு காளீஸ்வரிக்குக் கேட்கிற துணிச்சல் அடியோடு போய்விட்டது. கேட்டால் ஒரு பொய் உடையும். அதன் பின்னால் இன்னொன்று நிற்குமோ என்று பயம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாண்டீஸ்வரியை அவளால் வெறுக்க முடியவில்லை. ஒருநாள் மாடிப்படியில் அந்தப் பெண்ணே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எல்லாத்தையும் நீங்கதான் பாக்குறீக. நான் தேறுவேனாக்கா? கடையில லீவு சொல்லிட்டு வாரேன், வீட்ல மாப்பிள்ளை பாக்குறாக"என்று கண் கலங்கக் கேட்டாள். முதலாளியின் கண்டிப்பெல்லாம் அந்த நேரம் காளீஸ்வரிக்கு மறந்துபோனது.

"உனக்கென்னத்தா, நீ கவலையே படாத. உன்னைய மாதிரி எல்லாரும் படிச்சாத் தேவல"என்றாள்.

பாண்டீஸ்வரி ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது காளையார்கோவிலிலிருந்து காளீஸ்வரியின் அண்ணன் அழகுசுந்தரம் கூப்பிட்டார். சிங்கம்புணரியில் அவருக்குத் தெரிந்தவருடைய கயிற்று ஆலையில் ஒரு சூப்பர்வைசர் வேலை காலி. நிரந்தரமான வேலை. திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக நிற்கிறது. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பது ஆகும், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை. அந்த வேலைக்குப் போனால் படிப்பு அவ்வளவுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

"மாப்ள பரீட்சை பரீட்சைங்கிறாரு. நீதான அங்க உக்காந்து மார்க்கப் பாக்குற? மறைக்காமச் சொல்லு, தேறுவாரா?"

காளீஸ்வரி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "கஷ்டந்தாண்ணே. மெஷின்ல பாக்குறேன்ல. பாதிக்குமேல தாண்டவே இல்ல."

அண்ணனிடம் சொல்லத் தெரிந்தது பாருங்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க. அண்ணன் சொல்ற வேலைக்குப் போயிருங்களேன்."

அவன் நிமிர்ந்தான். "பரீட்சை இருக்கே, புள்ள. அஞ்சு வாரந்தான். இம்புட்டு வந்துட்டு…"

"போயிருங்கன்னு சொல்றேன்ல."

அவன் புத்தகத்தை மூடி வைத்தான். "மெஷின்ல எதுவும் பாத்தியா?"

"நான் ஒண்ணும் பாக்கல. மனசுல பட்டதச் சொல்றேன்"என்று அவள் எழுந்துவிட்டாள்.

அவன் கத்துவான், புத்தகத்தைத் தூக்கிப் போடுவான், அந்தச் சாக்கில் தானும் நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, முப்பத்தெட்டு என்று எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று அடுப்படியில் காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்திலிருந்து அவன் குரல் வந்தது. "சரி. மச்சான்ட்ட வர்றேன்னு சொல்லிரு. ஞாயித்துக்கெழமை டெஸ்ட்ட மட்டும் எழுதிட்டு வந்துர்றேன்."அவ்வளவுதான். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அவள் சந்தேகம் தீர்ந்துபோனது. உண்மையாகவே எண்பது வாங்குகிறவன் இப்படி ஒரு பேச்சில் அடங்குவானா? பொய் சொன்னதால்தான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அழவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அறுபத்து இரண்டாம் கேள்விக்கு லேப்டாப்பில் பதினேழாம் வரிசை சிவப்பானது. ரிமோட்டில் செல் தீர்ந்துவிட்டால் அப்படித்தான் காட்டும். காளீஸ்வரி முத்தரசு சாரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, இரண்டு சின்ன செல்லை எடுத்துக்கொண்டு பாண்டீஸ்வரியிடம் போனாள்.

"ரிமோட்டக் குடு ஆத்தா. செல்லு போட்டுத் தாரேன்."

"எதுக்குக்கா? எனக்கு நல்லாத்தான வேலை செய்யுது"என்று அவள் தன் கையில் இருந்ததைத் திருப்பிக் காட்டினாள். முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் இருபத்து மூன்று என்று இருந்தது.

"இது எப்படி உங்கிட்ட? ஒன்னோடது பதினேழுல்ல?"

"அத மொத நாளே மாத்திக்கிட்டேன்க்கா. ஒண்ணும் ஏழும் எட்டுல்ல? எங்கம்மாட்டப் போன்ல கேட்டேன், சனி நம்பரு, கையாலயே தொடாதன்னுருச்சு. பின்னாடி இருக்க அண்ணன்தான், எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னு அவுக ரிமோட்டக் குடுத்துட்டு அத வாங்கிக்கிட்டாக."

வண்டி நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் வேறு நம்பருக்கு அலைகிற ஊர் இது. செல்போன் நம்பரைக்கூடக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஐம்பது ரிமோட்டை வரிசையாக நீட்டினால், பதினேழைக் கூட்டிப் பார்க்க ஒரு ஆளாவது இருக்கும் என்று காளீஸ்வரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவளே கல்யாணப் பத்திரிகையில் தேதியைக் கூட்டிப் பார்த்தவள்தானே?

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"இங்குட்டு, மேடம். செல்லு போயிருச்சு"என்றான் சதீஷ்குமார்.

அவள் அவன் கையிலிருந்து பதினேழை வாங்கினாள். செல்லைத் திருப்பிப் போட்டாள், பிறகு சரியாகப் போட்டாள், மூடி மூடவில்லை. அவன் கவலையோடு அண்ணாந்து பார்த்து, மெல்ல, "என்னாச்சு?"என்றான்.

"ஒண்ணுமில்ல, சார்"என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

மேஜையில் உட்கார்ந்து பதினேழாம் நம்பரின் பழைய மார்க்கையெல்லாம் வரிசையாகத் திறந்தாள். எழுபத்தேழு. எண்பது. எழுபத்தொன்பது. எண்பத்து நான்கு. ஒவ்வொன்றையும் அவள் ஏற்கெனவே சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மனுஷன் ஒரு மார்க்காவது சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அவளுக்குத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

தேர்வு முடிந்து எல்லோரும் இறங்கும்போது பாண்டீஸ்வரியை மட்டும் நிறுத்திக்கொண்டாள். முதலாளி வேலையை விட்டே தூக்கினாலும் சரி, இதைச் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

"இங்க பாருத்தா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நம்பர் மாறிப்போச்சு. ஒன் மார்க் நாப்பது, நாப்பத்தி அஞ்சுதான் வருது."

பெண்ணின் முகம் செத்துப்போனது. "நீங்கதானக்கா கவலைப்படாதன்னீக? நானே பாதிக்கு 'இ'தான் போடுறேன், மத்தவுக அதவிடக் கம்மி போலன்னுல்ல நெனச்சேன். அதக் கேட்டுட்டு நான் சாயங்கால டியூஷனக்கூட நிறுத்திட்டேனே."

"என் தப்புத்தான். என்னைய வைய்யி. ஆனா இன்னும் அஞ்சு வாரம் கெடக்கு. நீ 'இ' போட்ட கேள்வி பூராவும் எங்கிட்ட இருக்கு. நாளைக்கே எழுதி ஒன் கடைக்குக் கொண்டாந்து தாரேன், அத மட்டும் படி."

பாண்டீஸ்வரி திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கட்டாயம் தாங்கக்கா"என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

காளீஸ்வரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஜனனி ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். சதீஷ்குமார் கூடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, புத்தகங்களையெல்லாம் ஒரு அரிசிச் சாக்குக்குள் அடுக்கி வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பரணில் ஏற்றுவதற்கு. நாளைக்குப் போட வேண்டிய சட்டை தேய்த்து நாற்காலியில் தொங்கியது.

"இன்னைக்கு எம்புட்டு?"என்று அவள் நின்றபடியே கேட்டாள்.

"அதெதுக்கு இனிமே?"

"எண்பத்தி ஆறு. நான் சொல்றேன். எண்பத்தி ஆறு வாங்கியிருக்கீக."

அவன் கை கயிற்றில் நின்றது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இருபத்து மூன்றையும் பதினேழையும் எட்டையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள், முடியவில்லை. பாண்டீஸ்வரியிடம் கேட்டு வந்து சொல்வதாகச் சந்தேகப்பட்டதையும் சொல்லிவிட்டாள்.

"அந்தப் புள்ள பேரே எனக்கு இப்பத்தான் தெரியும்"என்றான் அவன். பிறகு, அவள் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான். "அப்ப நான் குறிச்சு வச்சதெல்லாம் சரிதானா?"

"சரிதான்ங்க. எல்லாமே."

"நீ வேலைக்குப் போகச் சொன்னதும், நான்தான் தப்பாக் குறிச்சுட்டேன் போலன்னு நெனச்சேன் காளி. பச்சைத் தூண ஒழுங்காப் பாக்கலையோ, நம்மளே நம்மள ஏமாத்திக்கிறோமோன்னு. நேத்து ராத்திரி பூரா பழைய நோட்ட எடுத்து ஒவ்வொண்ணாத் திரும்பப் பாத்தேன். எல்லாம் சரியா வருது. அப்பவும் நான் நோட்ட நம்பல. உன்னையத்தான் நம்புனேன்."

மெஷினைப் பார்த்து அவள் அவனை நம்பவில்லை. அவளைப் பார்த்து அவன் தன்னையே நம்பவில்லை.

அவனுக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது போலும். சாக்கை விட்டுவிட்டு எழுந்து நின்றான். "இரு. அப்ப நாலு மாசமா நான் வந்து வந்து மார்க் சொன்னப்பல்லாம், இவன் பொய் சொல்றான்னு நெனச்சுக்கிட்டேதான் சோறு போட்டியா?"

"ஆமா"என்றாள்.

"ஏய், கேக்கணும்லடி? சிலிண்டர்க்காரன்ட்டச் சண்டை, பால்காரன்ட்டச் சண்டை, எங்கிட்ட ஒரு சண்டை போட முடியல உனக்கு? நாப்பதுதான வாங்குன, எழுபதுன்னு எதுக்குப் புளுகுறன்னு அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா நீ கேட்டிருந்தா, நான் எந்த ரிமோட்டு, நீ எதப் பாத்தன்னு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சு போயிருக்கும்ல?"

"உங்க மனசு நோகும்னு…"

"இப்ப நோகலையாக்கும்?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலை. அவன் மனசு நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் நான்கு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாளே, அதன் லட்சணம் இப்போதுதான் புரிந்தது. நோகாமல் பார்த்துக்கொண்டது தன் மனசைத்தான். கேட்டு ஒரு பதில் வந்துவிட்டால் தாங்க வேண்டியவள் அவள்தானே.

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அழகுசுந்தரம் அண்ணன். சதீஷ்குமார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸ விட்றாம மாப்ளய ஏத்தி விட்ரு. ஆலைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு"என்றார் அண்ணன். அவர் குரல் போனைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்கிற குரல்.

"அவுக வரலண்ணே."

"என்னது?"

"வரல. பரீட்சைக்குப் படிக்கிறாக. அவர்ட்ட வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிருங்க."

"விளையாடுறியா? நான் வாக்குக் குடுத்திருக்கேன். செவ்வாக்கெழமை நீதான சொன்ன, மெஷின்ல பாக்குறேன், பாதிகூடத் தாண்ட மாட்டேங்குறாருன்னு?"

ஜன்னல் பக்கம் நின்றவன் திரும்பினான். இதையும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாளா என்று அவன் கண்ணில் எழுதியிருந்தது.

"இப்ப என்ன வந்துச்சு?"அண்ணன் விடவில்லை. "மெஷின் மாத்திச் சொல்லுதாக்கும்? யார் சொன்னா அவர் தேறுவாருன்னு?"

ஆமாண்ணே, மெஷின்தான், நம்பர் மாறிப்போச்சு, எண்பத்தாறு வாங்கியிருக்கிறார் என்று சொன்னால் அண்ணன் அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டுவிடுவார். நடந்ததும் அதுதான், பொய் ஒன்றும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். சதீஷ்குமார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், கோபம் ஒரு துளி தீராமல். இனி என்ன சொன்னாலும் நான்கு மாதம் பிந்திய பேச்சுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிந்தினாலும் சொல்லியாக வேண்டும்.

"அவுக சொன்னாகண்ணே"என்றாள் காளீஸ்வரி.